பிளக் ஏன் சுடுகிறது: 12 வோல்ட் பற்றரியை வைத்துப் பிடித்த 0.29 ஓம்

கொழும்பு வெள்ளவத்தையில் சின்னம்மாவின் ப்ளெட்டில் கேத்தல் எப்போதும் ஒரு எக்ஸ்டென்ஷன் கோட்டில்தான் ஓடும், சமையலறை மேசைக்கும் சுவர் சொக்கெட்டுக்கும் அவ்வளவு தூரம். அந்தக் கோட்டின் பிளக் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது என்று சொல்லி, "தம்பி, கேத்தல் பழுதாப் போச்சுது போல, புதுசு ஒண்டு வாங்கட்டோ?" என்று கேட்டார். வாங்காதேங்கோ, முதல்ல அளந்து பாப்பம் என்றேன். அளந்ததில் கேத்தலுக்கு ஒன்றும் இல்லை. சூடு எங்கே, எவ்வளவு, ஏன் என்பதை வெறும் பெருக்கல் வகுத்தலால் கடைசி அரை ஓம் வரை துரத்திப் பிடிக்க முடிந்தது, அதைத்தான் எழுதுகிறேன். ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த அதே இரண்டு சமன்பாடுகள்: தடை (ஓம்) = வோல்ட் ÷ அம்பியர், வலு (வாட்) = வோல்ட் × அம்பியர். வேறு கணிதம் தேவைப்படவில்லை.

முதலில் கேத்தலின் அடியில் இருக்கும் லேபிள். 220–240 வோல்ட், 1850–2200 வாட் என்று போட்டிருந்தது. இந்த மாதிரி லேபிளைப் பார்த்து "இது 1850ஆ 2200ஆ, எதை நம்புவது" என்று பலர் குழம்புவார்கள். இரண்டும் ஒன்றுதான். அம்பியர் தெரியாவிட்டால் வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தாலும் தடை வரும். 220 × 220 ÷ 1850 = 26.16. 240 × 240 ÷ 2200 = 26.18. அதாவது உள்ளே இருப்பது ஒரே கம்பிச்சுருள், ஏறக்குறைய 26.2 ஓம். வீட்டுக்கு வரும் வோல்ட் ஏறினால் வலு ஏறும், இறங்கினால் இறங்கும், லேபிள் அந்த இரண்டு எல்லையையும் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். இலங்கையில் பெயரளவில் 230 வோல்ட், அதற்கு 230 × 230 ÷ 26.2, கிட்டத்தட்ட 2020 வாட்.

சரி, கேத்தலைக் கழற்றி, தண்ணீரை ஊற்றிவிட்டு, சுவிட்சை ஓனில் வைத்து, பிளக்கின் லைவ் (கரண்ட் வரும்), நியூட்ரல் (திரும்பிப் போகும்) பின்களில் மல்டிமீட்டரை வைத்தேன். 26.6. மீட்டரின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.4 காட்டுகிறது, அது மீட்டர் வயரின் சொந்தத் தடை. கழித்தால் 26.2. லேபிள் சொன்னதும் கையில் வந்ததும் சரி. லைவ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே மீட்டர் ஒன்றும் காட்டவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். கேத்தலின் வழக்கு அங்கேயே முடிந்தது.

இங்கே ஒரு விஷயம். குளிர்ந்த நிலையில் அளந்த தடையை வைத்து வலுவைக் கணிப்பது எல்லாப் பொருளுக்கும் சரிவராது. கேத்தல், அயன் பொக்ஸ், ஹொட் பிளேட் மாதிரிச் சாமான்களில் இருப்பது பெரும்பாலும் நிக்ரோம் வகைக் கம்பி, சூடானாலும் தடை சில சதவீதம்தான் ஏறும், அதனால் கணக்கு ஒத்துவரும். ஆனால் இழை பல்ப் ஒன்றை எடுங்கள். காரின் 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்ப் எரியும்போது 12 × 12 ÷ 55, அதாவது 2.6 ஓம். அணைந்து குளிர்ந்திருக்கும்போது மீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் காட்டும். டங்ஸ்டன் அப்படி. குளிர்ந்த தடையை வைத்து வாட் கணக்குப் போட்டால் 55 வாட் பல்ப் 500 வாட்டுக்கு மேல் என்று வரும். இந்தப் பல்பைச் சும்மா இழுக்கவில்லை, பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்து கரண்டோடு அளக்க வேண்டும். சொக்கெட் துளைக்குள் மீட்டர் முனையை நுழைத்து 230 வோல்ட்டை அளப்பது எனக்குப் பிடிக்காத வேலை, அதுவும் சின்னம்மா பக்கத்தில் நின்று "கவனம், கவனம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது. அதற்குப் பதில் பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று இரவல் வாங்கினேன். சுவருக்கும் சாமானுக்கும் நடுவில் சொருகினால் வோல்ட், அம்பியர், வாட் மூன்றையும் காட்டும். கரண்ட் பில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் வீட்டுக்கு ஒன்று வைத்திருக்கலாம்.

சுவர் சொக்கெட்டில் மீட்டர், அதில் எக்ஸ்டென்ஷன், அதில் கேத்தல். கேத்தல் ஓப்பில் 232 வோல்ட். ஓன் செய்ததும் 228 வோல்ட், 8.4 அம்பியர், 1915 வாட். பிறகு மீட்டரை எக்ஸ்டென்ஷனின் அடுத்த முனைக்கு, கேத்தலுக்குப் பக்கத்தில் மாற்றிச் சொருகினேன்: 221 வோல்ட், அதே 8.4 அம்பியர், 1856 வாட். கரண்ட் எங்கே அளந்தாலும் ஒன்றுதான், வழியில் தொலைந்தது வோல்ட் மட்டும். 221 ÷ 8.4 = 26.3 ஓம், அது கேத்தல். மிச்சம் 7 வோல்ட் எக்ஸ்டென்ஷனின் ஐந்து மீட்டர் நீள வயருக்குள் காணாமல் போயிருக்கிறது. 7 ÷ 8.4 = 0.83 ஓம். 7 × 8.4 = 59 வாட். 1915இலிருந்து 1856ஐக் கழித்தாலும் அதே 59. கேத்தலுக்குப் போக வேண்டிய 59 வாட் எக்ஸ்டென்ஷனைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

கொழும்பில் பின்னேரத்தில் வோல்ட் தானாகவே ஏறி இறங்கும் என்பதால் ஒரு தடவை பார்த்ததை நம்பாமல் ஓன், ஓப், ஓன், ஓப் என்று மாற்றி மாற்றிப் பார்த்தே இந்த எண்களை எழுதினேன். கேத்தலின் சுவிட்சோடு சேர்ந்து ஆடும் வித்தியாசம்தான் நமக்குச் சொந்தம், மற்றது தெருவின் ஆட்டம்.

ஐந்து மீட்டர் வயருக்கு 0.83 ஓம் நியாயமா? வயரின் மேல் 0.75 சதுர மில்லிமீட்டர் என்று அச்சடித்திருந்தது. ஒரு சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள செப்புக் கம்பி ஒரு மீட்டருக்கு 0.0172 ஓம். கரண்ட் போய்த் திரும்பி வர வேண்டும், அதனால் நீளம் பத்து மீட்டர். 10 × 0.0172 ÷ 0.75 = 0.23 ஓம். ஆக 0.6 ஓம் அதிகம். எங்கே ஒளிந்திருக்கிறது?

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் போயிற்று என்று தோன்றும். பார்த்தேன், 0.9 காட்டும், வயரைக் கொஞ்சம் அசைத்தால் 1.4, முனையை அழுத்திப் பிடித்தால் 1.1. ஓம் அளக்கும்போது மலிவு மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது, அதன் சொந்த வயரே 0.4, காட்டும் கடைசி இலக்கம் 0.1. இதை வைத்து 0.3 ஓம் எந்தத் திருகில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நாம் தேடும் தடை மீட்டரின் தள்ளாட்டத்தை விடச் சின்னது.

வழி வேறு: நாமே பெரிய கரண்ட் ஒன்றை ஓட்டி, அதை அளந்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்த்து வகுத்துக்கொள்வது. கரண்ட் ஓடும் வயர் வேறு, வோல்ட் அளக்கும் வயர் வேறு என்பதால் மீட்டர் வயரின் 0.4 ஓம் கணக்கிலேயே வராது, ஏனென்றால் வோல்ட் அளக்கும்போது அதில் கரண்ட் ஓடுவதே இல்லை என்று சொல்லலாம். நாலு முனை முறை, கெல்வின் முறை என்று சொல்வார்கள். மில்லி ஓம் வரை மலிவு மீட்டராலேயே அளக்கலாம், அதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

230 வோல்ட்டில் மூடியைத் திறந்து வைத்து இதைச் செய்யக் கூடாது, செய்யத் தேவையும் இல்லை. 2022இல் கரண்ட் வெட்டு நேரத்தில் ரவுட்டருக்காக வாங்கி வைத்த 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று அலமாரியில் கிடந்தது. கரண்டைக் கட்டுப்படுத்த மேலே சொன்ன 55 வாட் ஹெட்லைட் பல்ப். உதிரி 13 அம்பியர் பிளக் ஒன்றில் இரண்டு குட்டி வயர் கட்டி அதில் பல்பை இணைத்து, எக்ஸ்டென்ஷனின் சொக்கெட்டில் சொருகினேன். எக்ஸ்டென்ஷனின் பிளக் பின்களில் குரோக்கடைல் கிளிப்பால் பற்றரி. நடுவில் ஒரு மல்டிமீட்டர் 10 அம்பியர் துளையில். பல்ப் மங்கலாக எரிந்தது, மீட்டர் 3.8 அம்பியர் காட்டியது. 55 வாட் பல்ப் 4.6 அம்பியர் எடுக்க வேண்டும், எடுக்கவில்லை, எக்ஸ்டென்ஷன் குறுக்கே நிற்கிறது என்பது மங்கலைப் பார்த்தே தெரிந்தது. (இந்த உதிரி பிளக்கை வேலை முடிந்ததும் உடனே கழற்றிவிடுங்கள். திறந்த வயரோடு பிளக் ஒன்று வீட்டில் கிடந்தால் யாரோ ஒருநாள் சுவரில் சொருகுவார்கள். மீட்டரின் சிவப்பு வயரையும் 10 அம்பியர் துளையிலிருந்து மாற்றி வையுங்கள், மறந்துபோய் அப்படியே 230 வோல்ட்டை அளக்கப் போனால் வெடிக்கலாம்.)

பற்றரியின் வோல்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும், அதனால் ஒவ்வொரு அளவின்போதும் அம்பியரையும் பார்க்க வேண்டும். இது ஓம் என்ற அலகுக்குப் பெயர் தந்த ஜோர்ஜ் ஓமுக்கே இருந்த தொல்லை. 1820களில் அவர் பரிசோதனை செய்தபோது வோல்ட்டாவின் பற்றரி நிலையாக நிற்கவில்லை என்று, ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருக்கிற, சூட்டு வித்தியாசத்தால் கரண்ட் தரும் வெப்பமின் இணையைப் பயன்படுத்தித்தான் ஒழுங்கான அளவுகளை எடுத்தார். 1827இல் புத்தகமாகப் போட்டார். எனக்கு அந்தச் சிரமம் இல்லை, இரண்டாவது மீட்டர் இருந்தது.

இனி அளவுகள். ஐந்து மீட்டர் வயரை மேசையில் வளைத்துப் போட்டதால் இரண்டு முனையும் பக்கத்திலேயே. லைவ் பக்கம்: எக்ஸ்டென்ஷனின் லைவ் பின்னிலிருந்து உதிரி பிளக்கின் லைவ் திருகு வரை 2.05 வோல்ட். நியூட்ரல் பக்கம் அதே மாதிரி: 0.85 வோல்ட். 3.8ஆல் வகுத்தால் லைவ் 0.54 ஓம், நியூட்ரல் 0.22 ஓம். ஒரே வயரின் இரண்டு கோர் (உள்கம்பி), ஒரே நீளம், இரண்டரை மடங்கு வித்தியாசம்! மொத்தம் 0.76 ஓம், கேத்தலோடு வந்த 0.83க்குக் கிட்ட. கொஞ்சம் குறைவதில் ஆச்சரியம் இல்லை, அங்கே வயர் சூடாக இருந்தது, செப்பு சூடானால் ஒவ்வொரு பாகைக்கும் தடை ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும்.

பிளக்கின் மூடியையும் சொக்கெட் பெட்டியின் மூடியையும் கழற்றி மீண்டும் பற்றரி. முதலில் கோர் மட்டும், ஒரு முனைச் செப்பிலிருந்து மறுமுனைச் செப்பு வரை: லைவில் 0.80, நியூட்ரலிலும் 0.80. சரி, அப்போ வயரில் வித்தியாசம் இல்லை, லைவ் பக்கத்தில் மிச்சம் 1.25 வோல்ட் வேறெங்கோ இருக்கிறது. பிளக்கில் லைவ் பின்னுக்கும் திருகுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? பியூஸ். ஒரு முனையை லைவ் பின்னிலும் மற்றதைப் பியூஸின் பித்தளைத் தொப்பியிலும் வைத்தேன். 1.11 வோல்ட். பியூஸின் இரண்டு தொப்பிக்கும் இடையே 0.02 வோல்ட்தான், பியூஸில் பிழை இல்லை. பியூஸைப் பிடிக்கும் மற்றப் பக்கக் கிளிப்பில் இன்னொரு 0.02. சொக்கெட் பக்கத் தொடுகையில் 0.10. கூட்டினால் 1.25, ஒன்றும் விடுபடவில்லை.

1.11 ÷ 3.8 = 0.29 ஓம். பின்னோடு ஒட்டியிருக்கும் பியூஸ் கிளிப். பியூஸைக் கிள்ளி எடுத்துப் பார்த்தால் கிளிப் கறுத்து, விறைப்பு போய், வாய் பிளந்து கிடந்தது. இந்த 0.29ஐ கேத்தலின் கரண்டுக்கு மாற்றினால்: அம்பியரை அம்பியரால் பெருக்கித் தடையால் பெருக்கு, 8.4 × 8.4 × 0.29, 20 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். ரேடியோ திருத்துபவர்கள் ஈயம் உருக்குவது 25 வாட் சால்டரிங் அயனால். கிட்டத்தட்ட அதே அயன் ஒன்று பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி வைத்த மாதிரி, ஒவ்வொரு முறை தேநீருக்கும். சுடாமல் என்ன செய்யும். இது தானாக மோசமாகும் வகை வேறு: சூடு கிளிப்பைத் தளர்த்தும், தளர்ந்தால் தடை ஏறும், தடை ஏறினால் சூடு ஏறும். பியூஸ் இதைத் தடுக்காது. 8.4 அம்பியர்தானே ஓடுகிறது, 13 அம்பியர் பியூஸுக்கு அது சாதாரணம். பிளக் உருகும்வரை பியூஸ் பேசாமல் இருக்கும்.

வயரின் கதை வேறு. ஒரு கோருக்கு 0.80 ÷ 3.8 = 0.21 ஓம். ஐந்து மீட்டர் 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக்கு 0.115தான் வர வேண்டும். திருப்பிக் கணக்குப் போட்டால், 5 × 0.0172 ÷ 0.21 = 0.41 சதுர மில்லிமீட்டர். ஒன்று செப்புப் பூச்சுப் போட்ட அலுமினியமாக இருக்க வேண்டும், அல்லது கம்பி குறைவாக இருக்க வேண்டும். சவரப் பிளேட்டால் ஓர் இழையைச் சுரண்டினேன், உள்ளேயும் சிவப்பு, செப்புதான். இழைகளை விரித்து எண்ணினேன். 0.75 வளையும் வயரில் 0.2 மில்லிமீட்டர் இழை 24 இருக்கும். இதில் 13. மேலே அச்சடித்தது 0.75, உள்ளே வைத்தது அதில் பாதிக்குச் சற்றுக் கூட. இழைகளை எண்ணுவதற்கு முன்பே வோல்ட்டும் அம்பியரும் அதைச் சொல்லிவிட்டன என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

இரண்டு கோரிலும் சேர்த்து 0.42 ஓம், கேத்தலின் கரண்டுக்கு 30 வாட். ஆனால் அது ஐந்து மீட்டருக்குப் பரவி, ஒரு மீட்டர் நீளத்துக்கு 6 வாட், விரித்துப் போட்டிருக்கும்வரை கைக்கு வெதுவெதுப்புதான். சுருட்டிக் கட்டி மூலையில் வைத்தால் அந்த 30 வாட்டும் ஒரே இடத்தில் சேரும். வலு கரண்டின் வர்க்கத்தோடு ஏறுவதையும் மறக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மூன்று துளை இருக்கிறதே என்று கேத்தலோடு ரைஸ் குக்கரையும் போட்டு 13 அம்பியரைத் தொட்டால், இதே 0.76 ஓம் 13 × 13 × 0.76, 128 வாட் சூடு தரும். கரண்ட் ஒன்றரை மடங்கு, சூடு இரண்டு மடங்குக்கு மேல்.

கேத்தல் மெதுவாகக் கொதிக்கிறது என்று சின்னம்மா சொன்னதற்கும் கணக்கு இருக்கிறது, ஆனால் அது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றரை லீட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 100க்குக் கொண்டுபோக 452 கிலோஜூல் வேண்டும். 1860 வாட்டில் 243 செக்கன், எக்ஸ்டென்ஷன் இல்லாமல் 228 வோல்ட்டில் 1984 வாட், 228 செக்கன். மிச்சம் வெறும் கால் நிமிடம்தான். எனவே நேரத்தை வைத்து இந்தப் பழுதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், கையை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். பிளக் சுடுகிறது என்று யாராவது சொன்னால் அதை அலட்சியம் பண்ணாதீர்கள், அது வாட் மீட்டரை விட நல்ல தகவல்.

கிளிப்பை நெரித்து இறுக்கி மறுபடி போடலாமா என்று கேட்பீர்கள். கறுத்துப் போன பித்தளையின் விறைப்பு திரும்பாது, வயரும் பொய், அதனால் முழுவதையும் மாற்றினேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலக்ட்ரிக் சாமான் கடைகளில் ஆயத்த எக்ஸ்டென்ஷன் கோட் குவியல் குவியலாக இருக்கும், நான் அதைத் தொடவில்லை. எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரச் சான்று) முத்திரை உள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் வயர் மூன்று மீட்டர், தனியாக நல்ல 13 அம்பியர் பிளக், ஒரே ஒரு துளை உள்ள சொக்கெட் பெட்டி. கடைக்காரரிடம் முனையை உரித்துக் காட்டச் சொன்னேன். 1.5 வயரில் 0.25 மில்லிமீட்டர் இழை 30 இருக்க வேண்டும். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாலும் எண்ண விட்டார், 30 இருந்தது. மூன்று துளை வேண்டாம் என்று சொன்னதற்குச் சின்னம்மாதான் கொஞ்சம் முகம் சுளித்தார்.

வீட்டுக்கு வந்து கட்டி முடித்து மறுபடியும் பற்றரிச் சோதனை. பல்ப் நல்ல பிரகாசம், 4.3 அம்பியர், இரண்டு பக்கமும் சேர்ந்து 0.38 வோல்ட், அதாவது 0.09 ஓம். வயருக்கு மட்டும் 6 × 0.0172 ÷ 1.5, 0.07. மிச்சம் 0.02 எல்லாத் தொடுகைக்கும் சேர்த்து, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு கேத்தலோடு: சுவரில் 228, கேத்தல் பக்கம் 227, 8.7 அம்பியர். இரண்டு கேத்தல் தண்ணீரைத் தொடர்ந்து கொதிக்க வைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டால் லேசான சூடு மட்டும்.

சுவரில் ஓப்பில் 232, ஓனில் 228 என்று 4 வோல்ட் விழுந்ததே, அதையும் விடவில்லை. பிரேக்கர் பெட்டிக்குப் பக்கத்துச் சொக்கெட்டில் கேத்தலைப் போட்டால் 229. ஆக 3 வோல்ட் ப்ளெட்டுக்கு வெளியே, கட்டடத்தின் மேலேறும் வயரிலும் தெருக் கம்பியிலும். ப்ளெட்டுக்குள் 1 வோல்ட், 9 வாட்டுக்குள், அதுவும் சுவர் முழுக்கப் பரவி. அதை அப்படியே விட்டுவிட்டேன். பழைய கோட்டை நடுவில் வெட்டித்தான் எறிந்தேன். முழுசாகப் போட்டிருந்தால் யாராவது எடுத்துத் துடைத்து, அந்த 13 இழையில் அயன் பொக்ஸ் போடுவார்கள்.